மயங்கி விழுந்தவளும் தாங்கிப் பிடித்தவளும்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று தலைமையாசிரியை எனக்காக ஒரு பலகை எழுதி வைத்திருந்தார். கறுப்புப் பலகை, வெள்ளை எழுத்து. மேலே ஆங்கிலத்திலும் கீழே மலையாளத்திலும் ‘மாணவிகளுக்கான மனோதத்துவ ஆலோசகர்’ என்று இருந்தது. மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி. மதராஸில் மனோதத்துவம் படித்துவிட்டு வந்த எனக்கு அதைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து ஒரே ராஜ்யமாக இருந்த அந்த வருஷங்களில், பெண்கள் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு வேலை உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. ஒரு வருஷம் பார்ப்போம், பிறகு யோசிப்போம் என்று நிர்வாகத்தார் சொல்லியிருந்தார்கள்.

பலகையை மாட்டியதுதான் மிச்சம். ஒரு பிள்ளைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

திருவனந்தபுரத்தில் அப்போது மனம் என்ற சொல்லைக் கேட்டாலே ஜனங்களுக்கு ஊளம்பாறைதான் ஞாபகம் வரும். பைத்தியக்கார ஆஸ்பத்திரி அங்கே இருந்தது. வீட்டில் ஒருவர் கொஞ்சம் ஏறுக்குமாறாகப் பேசினால், ‘ஊளம்பாறைக்கு வண்டி பிடிக்கவா?’ என்று கேட்டுச் சிரிப்பார்கள். பலகையைப் படித்த ஒரு தகப்பனார் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே தலைமையாசிரியையிடம் போய், “என் மகள அந்த ரூமுக்கு மட்டும் அனுப்பிராதங்க. பின்னே அவள எவன் கெட்டுவான்?” என்று கேட்டாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபத்தில் பலகையை நானே கழற்றி அலமாரிக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

அந்தச் சமயத்தில் தையல் டீச்சர் பிரசவ லீவில் போனார். சும்மா உட்கார்ந்திருக்கும் என் தலையில் தையல் அறையையும் கட்டினார்கள். எனக்குத் தையல் அரைகுறை. சங்கிலித் தையல் போட்டால் பாதி வழியில் சங்கிலி அறுந்துவிடும். ஆனால் அந்த அறையில்தான் எனக்கு என் வேலை கிடைத்தது. எதிரே உட்கார வை, கண்ணைப் பார், கேள் என்றுதான் மதராஸில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நம் பக்கத்துப் பெண்பிள்ளைகளைப் பெரியவர்கள் கண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்டால் அதற்குப் பெயர் விசாரணை. வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஊசியைக் கையில் கொடுத்து, தலையைக் குனியவிட்டு, நானும் என் துணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் ஒருத்தி தானாக ஆரம்பிப்பாள். சித்தி அடிக்கிறாள், கணக்கு டீச்சரைக் கண்டால் பயம், அண்ணன் பாஸாகவில்லை என்று அம்மா அழுகிறாள் என்று ஒவ்வொன்றாக வரும். நான் தலை நிமிரமாட்டேன். சொல்லி முடித்த பிறகு நூலை மட்டும் அறுத்துக் கொடுப்பேன். தையல் அறையில் சொன்னது வெளியே போகாது என்று பிள்ளைகளுக்குள்ளேயே ஒரு பேச்சு பரவியது. அந்தப் பேச்சு எந்தப் பலகையையும்விட எனக்கு உதவியது.

ஓணம் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில், காலைப் பிரார்த்தனையின்போது ஆறாவது ஃபாரத்துப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். பதினாறு வயது. ஆரியசாலையில் மிளகாயும் மல்லியும் மொத்த வியாபாரம் செய்யும் திருநெல்வேலிக் குடும்பம். படிப்பில் கெட்டி, அந்த வருஷம் பள்ளி இறுதித் தேர்வு எழுத வேண்டியவள். விழுந்தவளைத் தாங்கிப் பிடித்தது அவளுடைய பெரியப்பா மகள். ஐந்தாவது ஃபாரம், ஒரு வயது இளையவள். இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்து, ஒன்றாகவே பள்ளிக்கு வந்து போகிறவர்கள். மூத்தவள் வெளிறி ஒல்லியாக இருப்பாள். இளையவள் கன்னம் உப்பிப் பளபளவென்று இருப்பாள். தண்ணீர் தெளிப்பதும், விசிறுவதும், வகுப்புக்கு அழைத்துப் போவதும் எல்லாம் இளையவள்தான்.

அடுத்த வாரமும் விழுந்தாள். அதற்கடுத்த வாரமும் விழுந்தாள். பிறகு அவள் விழுந்தால் கூடவே பின்வரிசையிலும் ஒன்றிரண்டு பேர் விழ ஆரம்பித்தார்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு ரத்தக்குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தார். வீட்டில் பாதை என்றார்கள். பேய் பிடித்திருப்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள். ஒரு மந்திரவாதியைக் கூட்டிவந்து கையில் கறுப்புச் சரடு கட்டினார்கள். சரடோடு வந்தும் அந்தப் பெண் திங்கட்கிழமைப் பிரார்த்தனையில் விழுந்தாள்.

தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். “மதி, டீச்சரே, மதி” என்றார். போதும் என்று அர்த்தம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்பு இந்த மயக்கம் நிற்காவிட்டால் அந்தப் பெண்ணுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவேன், ஒருத்தியால் பள்ளிக்கூடமே கெட்டுப் போகிறது என்றார். பரீட்சைக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது டி.சி. வாங்கிக்கொண்டு போனால் அவள் படிப்பு அதோடு முடிந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் என் மதராஸ் வித்தையை எல்லாம் இறக்கினேன். மையை ஊற்றித் தாளை மடித்து நானே செய்து வைத்திருந்த கறைப்படங்களை அவள் முன்னால் ஒவ்வொன்றாக வைத்து, என்ன தெரிகிறது என்று கேட்டேன். முதல் படத்தைப் பார்த்து உடைந்த அப்பளம் என்றாள். அடுத்தது பூசணிக்காய்க் கூட்டு. இன்னொன்றை வெகுநேரம் பார்த்துவிட்டு, “உளுந்தங்களி டீச்சரே. நடுவுல குழிச்சு எண்ணெய விட்டா இப்பிடித்தான் பரவும்” என்றாள். நான் அன்று மாலை புத்தகங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு, வட்டம் என்றால் என்ன, குழி என்றால் என்ன, தாயைப் பற்றிய ஏக்கமா, தந்தையைப் பற்றிய அச்சமா என்று மூளையைக் கசக்கினேன். பக்கம் பக்கமாகக் குறிப்பும் எழுதினேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. எதைக் காட்டினாலும் சாப்பாடு என்று சொல்கிற பெண்ணைப் பார்த்து, ஏம்மா பசிக்கிறதா என்று கேட்கத் தோன்றாத அளவுக்கு நான் படித்திருந்தேன்.

ஒரு மத்தியானம் இருவரும் தையல் அறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு ஜாக்கெட் கையை வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எதையோ பேச வேண்டுமே என்று, தலை நிமிராமல், “காலம்பற என்ன சாப்பிட்ட மக்களே?” என்று மூத்தவளைக் கேட்டேன்.

“உளுந்தங்களி” என்றாள்.

“நல்லாருந்து டீச்சரே. இன்னைக்கு நெறய எண்ணெய்” என்றாள் இளையவள்.

சொன்ன மறுகணமே வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நிமிர்ந்தேன். இரண்டு டிபன் கேரியரும் இளையவளுக்கு முன்னால் திறந்திருந்தன. மூத்தவளுடைய கை காய்ந்து கிடந்தது.

பிறகு மெல்ல மெல்ல வந்தது. நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடைக் குடும்பம். ஓணத்துக்கு முன்பே பெரியப்பா அவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். தை பிறந்ததும் பெண் பார்க்க வருகிறார்கள், மாசியில் கல்யாணம், பங்குனியில்தான் பரீட்சை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒல்லிப் பெண் ஆகாது என்று தரகர் சொல்லியிருந்தார். அதனால் வீட்டில் மூத்தவளுக்குத் தினமும் காலையில் உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெயும் கருப்பட்டியும் விட்டுக் கொடுத்தார்கள். சதை பிடிக்கட்டும் என்றுதான். அடுக்களையில் இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். அம்மா திரும்பிய நேரத்தில் மூத்தவள் தன்னுடையதை இளையவள் தட்டில் தள்ளிவிடுவாள். எலும்பும் தோலுமாகப் போய் நின்றால் வந்தவர்கள் வேண்டாம் என்று போய்விடுவார்கள், பரீட்சை எழுதிவிடலாம் என்பது கணக்கு. மயக்கம் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் பாதை என்ற பேச்சு கிளம்பியதும் அதுவும் நல்லதுக்குத்தான் என்று விட்டுவிட்டாள்.

“பாதின்னா பரவாயில்ல, முழுசுந் தள்ளுகா டீச்சரே. எனக்குப் பாவாடைல்லாம் இறுகிப் போச்சு” என்றாள் இளையவள். மூவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு ஒரு பெருமையும் இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா!

“யார்ட்டயும் சொல்லாதங்க” என்று மூத்தவள் கையைப் பிடித்தாள். அங்கேதான் சிக்கல். இவளுக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள் என்று நான் சொன்னால் தை மாசம் கல்யாணப் பேச்சு. இவளுக்கு வியாதி என்று சொன்னால் தலைமையாசிரியை டி.சி. எழுதிவிடுவார், போகிற இடமெல்லாம் ஊளம்பாறைப் பேச்சும் பின்னாலேயே போகும். எந்தப் பக்கம் போனாலும் பரீட்சை இல்லை. சொல்லாமல் இருந்தாலோ பெண் பட்டினி கிடந்தே போய்விடுவாள். சில நாள் பேசிப் பேசி, பெரியப்பாவிடம் உண்மையைச் சொல்ல அவளைச் சம்மதிக்க வைத்தேன்.

அவளுடைய அப்பாவைத்தான் முதலில் வரச் சொன்னேன். நல்ல மனுஷர். முழுவதையும் கேட்டுவிட்டு மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எனக்கும் அவ படிக்கணும்னுதான் ஆசை டீச்சரம்மா. நான் சொன்னா எடுபடாது. அண்ணாச்சிகிட்ட எதுத்துப் பேசிப் பழக்கமே இல்ல பாத்துக்கிடுங்க. நீங்களே வந்து சொல்லிருங்க” என்றார். நெருப்பு கிடங்கில் பிடித்தாலும் அண்ணன் உத்தரவு வந்தால்தான் தண்ணீர் ஊற்றுவார் போலிருக்கிறது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே சரி என்றேன்.

சனிக்கிழமை ஆரியசாலைக்குப் போனேன். கடைக்குள் நுழைந்ததுமே மிளகாய் நெடியில் தும்மல் பிடித்துக்கொண்டது. தும்மித் தும்மிக் கண்ணில் நீரோடு நின்ற என்னை, பெரியப்பா மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, சுக்குக் காப்பி வரவழைத்தார். நான் நாகர்கோவில் பக்கத்து வேதக்காரக் குடும்பம் என்று தெரிந்துகொண்டு, என் தகப்பனார் எந்தத் திருச்சபை என்றும் விசாரித்தார். அதட்டுவார், கத்துவார் என்று தயாராகப் போயிருந்தேன். அவரோ நான் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். தம்பி பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

“அப்பம் பாதை ஒண்ணும் இல்ல?”

“இல்லை. பசிதான்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?” என்றார். “எங்கையால தூக்கி வளத்த பிள்ள. பயந்துகிட்டுப் பட்டினி கெடந்திருக்கா.”

பிறகு எழுந்து நின்றார். “படிக்கட்டும். பரீட்சை எழுதட்டும். நான் ராட்சசன் இல்ல டீச்சரே.”

“நாகர்கோவில்காரர்களுக்கு என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டேன்.

“அது என் பாடு. வாக்குக் குடுத்தவன் நான்லா” என்றார்.

சாலைக் கடைத்தெருவில் திரும்பி நடந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இதற்காகத்தானே படித்தோம் என்று நினைத்தேன். ஏத்தங்காய் வறுவல் ஒரு பொட்டலம் வாங்கி, தெரு என்றும் பாராமல் கொறித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மயக்கம் நின்றது. கூட விழுந்தவர்களும் நிமிர்ந்து நின்றார்கள். தலைமையாசிரியை பள்ளிக்கு வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டிப் பேசினார். அந்தப் பலகை எங்கே என்று தேடக்கூடச் செய்தார். மத்தியானங்களில் மூத்தவள் அவளுடைய டிபன் கேரியரை அவளே காலி செய்தாள். “எனக்குத்தான் இப்பம் சோறு கொறஞ்சு போச்சு” என்று இளையவள் அலுத்துக்கொள்வாள்.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்தபோது மூத்தவள் மட்டும் வந்தாள்.

தையல் அறைக்கு வந்து துணியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஊசியில் நூல் கோக்கவில்லை. நான் வழக்கம்போல் குனிந்திருந்தேன். நாகர்கோவில்காரர்கள் வந்து போனார்கள் என்றாள். எங்கள் வீட்டுப் பெண் ஒன்று உங்கள் வீட்டுக்கு என்றுதான் பெரியப்பா வாக்குக் கொடுத்திருந்தாராம். எந்தப் பெண் என்று அதில் இல்லை. காப்பித் தட்டை இளையவள் கையில் கொடுத்து அனுப்பினார்கள். மாப்பிள்ளையின் அம்மா அவள் கையைப் பிடித்துப் பார்த்து, கன்னத்தைத் தொட்டு, பெண் நல்ல லட்சணம் என்று அங்கேயே பூ வைத்துவிட்டாள்.

“எல்லாம் நான் குடுத்த களி டீச்சரே” என்றாள். துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அன்றே ஆரியசாலைக்கு ஓடினேன். இந்தமுறை தும்மல்கூட வரவில்லை, அவ்வளவு கோபம். பெரியப்பா என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். “தம்பி மகளுக்கு வேண்டாம்னு ஆனப்பம் எம்மகளக் குடுக்காம வேற யாரக் குடுக்க? வாக்குத் தப்பினா இந்தத் தெருவுல எனக்கு என்ன இருக்கு?” என்றார். அவர் கண்ணில் கள்ளம் இல்லை. தம்பி மகளுக்காகத் தன் சொந்த மகளையே கொடுத்ததாக அவர் நினைத்தார். தெருவும் அப்படித்தான் பேசியது.

“அவளும் படிக்கிற பெண்தானே?” என்றேன்.

“அவ ஒண்ணுஞ் சொல்லலியே டீச்சரே. நல்லாச் சாப்பிடுகா, நல்லா உறங்குகா.”

ஒரு பெண் சரியாக இருக்கிறாளா என்று வீட்டாரிடம் நான் கேட்கும் கேள்விகளும் அவைதான். சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா.

அதற்குப் பிறகு நெடுங்காலம் இதே வேலையில் இருந்தேன். மயங்கியவர்கள், அழுதவர்கள், திருடியவர்கள், திக்கியவர்கள் என்று எத்தனையோ பேரை என்னிடம் அனுப்பினார்கள். யாரையும் தொந்தரவு செய்யாமல் ஒழுங்காக இருந்த பிள்ளையை ஒருவரும் அனுப்பியதில்லை. ஒரு பெண் வந்தால் கூடவே வருகிறவளுக்கும் ஒரு துணியைக் கொடுத்து உட்கார வைப்பது பின்னால் என் வழக்கமாயிற்று. புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியைகள், இவளுக்கு என்ன பிரச்சினை என்று கேட்பார்கள். தெரியாது, இனிமேல்தான் கேட்க வேண்டும் என்பேன்.

மூத்தவள் பங்குனியில் பரீட்சை எழுதினாள். நல்ல மார்க். பிறகு காலேஜுக்கும் போனாள்.

இளையவள் கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு அம்மாவோடு டீச்சர்களுக்குப் பத்திரிகை கொடுக்கப் பள்ளிக்கு வந்தாள். புதுப் பட்டுப் பாவாடை, தாவணி, தலை நிறையப் பிச்சிப்பூ. அம்மா மற்ற டீச்சர்களிடம் பேசிக்கொண்டிருக்க, அவள் மட்டும் தையல் அறைக்குள் வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். என் கையில் இருந்த துணியின் மறுமுனையை எடுத்து மடிப்புத் தைக்க ஆரம்பித்தாள். அவளுக்குத் தையல் என்னைவிட நன்றாக வரும்.

“உனக்குப் படிக்கணும்னு இருந்துச்சா மக்களே?” என்று கேட்டேன். தலை நிமிராமல்தான் கேட்டேன்.

“இருந்து டீச்சரே.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அவ எப்படியெல்லாம் பண்ணினா, பாத்தல்லா.”

அவள் கொஞ்ச தூரம் தைத்தாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“எனக்குப் பசி பொறுக்காது டீச்சரே, அதான்” என்றாள்.